ஆய்வு மானிய, ஒப்பந்த நிர்வாகப் பணிக்குத் தயாராவது எப்படி

அமெரிக்காவில் ஓர் அறிவியலாளருக்குக் கூட்டாட்சி அரசின் ஆய்வு மானியம் கிடைத்தது என்று செய்தி வரும்போது, சட்டப்படி அந்தப் பணத்தைப் பெற்றவர் அவரல்லர். அவர் பணிபுரியும் நிறுவனமே. விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற பிரதிநிதி. செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதும், விதி மீறப்பட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதும் நிறுவனம். அந்தப் பொறுப்பை நிறுவனத்தின் சார்பில் அன்றாடம் சுமப்பவர்களே ஆய்வு மானிய, ஒப்பந்த நிர்வாகிகள். பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், சால்க், ஸ்கிரிப்ஸ் போன்ற தனித்து இயங்கும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்பணி உண்டு. கணக்குப் பிரிவிலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ சட்ட அலுவலகத்திலிருந்தோ தற்செயலாக இதற்குள் வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். திட்டமிட்டே வர விரும்புபவர்கள் என்னென்ன கற்க வேண்டும், எப்படிக் கற்க வேண்டும் என்பதை இங்கே அமெரிக்க விதிகளை முன்வைத்துச் சொல்கிறேன்.

எந்த வாசல் வழியாக நுழைவது

பணி மூன்று கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. விண்ணப்பம் தயாரித்து உரிய நேரத்தில் அனுப்புவது மானியத்துக்கு முந்தைய பணி. பணம் வந்தபின் செலவைக் கண்காணித்து, அறிக்கை அனுப்பி, கணக்கை முடிப்பது பிந்தைய பணி. மருந்து நிறுவனங்கள் போன்ற தனியார் தரப்பினருடனும் அரசு முகமைகளுடனும் நிபந்தனைகளைப் பேசி முடிப்பது ஒப்பந்தப் பணி. பெரிய நிறுவனங்களில் இவை தனித்தனி அலுவலகங்கள். சிறிய ஆய்வு நிறுவனத்தில் மூன்றையும் ஒருவரே பார்ப்பதும் உண்டு.

அனுபவமில்லாதவர்கள் பலரும் மைய அலுவலக வேலையையே குறிவைக்கிறார்கள். துறை அளவிலான உதவியாளர் பணியே தொடக்கத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. அங்கே ஒரே ஆய்வாளரின் விண்ணப்பம், ஆள் நியமனம், கொள்முதல், இறுதி அறிக்கை எல்லாம் உங்கள் மேசையையே கடந்துபோகும். மைய அலுவலகத்தில் ஓராண்டு இருந்தாலும், பட்ஜெட்டில் எழுதிய ஒரு வரி ஆய்வுக்கூடத்தில் என்னவாகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

ஒரு பட்ஜெட்டைக் கையால் போடுங்கள்

படிப்பதற்குத் தலையாய ஆவணம், கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 2ஆம் தலைப்பின் 200ஆம் பகுதி. துறையில் உள்ளவர்கள் இதை ‘யூனிஃபார்ம் கைடன்ஸ்’ என்பார்கள். 2013 டிசம்பரில் வெளியாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த இவ்விதித்தொகுப்பு 2024இல் பெரிய அளவில் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் புதிய வடிவில் நடப்பில் இருக்கிறது. முழுவதையும் ஒரே மூச்சில் படித்தால் எதுவும் மனத்தில் நிற்காது. அதன் செலவுக் கோட்பாடுகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒரு கற்பனைத் திட்டத்துக்குப் பட்ஜெட் போட்டுப் பார்ப்பதே பயனுள்ள வழி.

ஊதியம் 2,00,000 டாலர், ஆய்வுப் பொருட்கள் 40,000, ஒரு பெரிய கருவி 60,000, இன்னொரு நிறுவனத்துக்குத் தரும் துணை மானியம் 80,000, ஆய்வு மாணவரின் கல்விக் கட்டணம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். நேரடிச் செலவு மொத்தம் 4,00,000 டாலர். கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்காகச் சேர்க்கப்படும் மறைமுகச் செலவின் விகிதம் நிறுவனத்துக்கு 50 சதவீதம் என்றால், புதியவர் உடனே 2,00,000 டாலரைச் சேர்த்துவிடுவார். அது தவறு. விகிதம் பொருந்துவது முழுத்தொகைக்கு அன்று. திருத்தியமைத்த மொத்த நேரடிச் செலவுக்கு மட்டுமே. கருவியும் கல்விக் கட்டணமும் அதிலிருந்து முழுமையாக விலகும். துணை மானியத்தில் முதல் 50,000 டாலர் மட்டும் உள்ளே இருக்கும், மீதி 30,000 வெளியேறும். எனவே அடிப்படைத் தொகை 2,90,000, மறைமுகச் செலவு 1,45,000, திட்டத்தின் மொத்தம் 5,45,000. வித்தியாசம் 55,000 டாலர்.

இதோடு கணக்கு முடிவதில்லை. துணை மானியத்துக்கான 50,000 டாலர் வரம்பு 2024 திருத்தத்தில் வந்தது. அதற்கு முன் 25,000. உங்கள் நிறுவனம் அரசுடன் செய்துகொண்ட விகித உடன்படிக்கை பழையதாக இருந்தால் பழைய வரம்பே தொடரக்கூடும். கருவி என்று கருதப்படுவதற்கான விலை வரம்பும் 5,000 டாலரிலிருந்து 10,000 டாலருக்கு உயர்ந்திருக்கிறது. ஆனால் நிறுவனம் தன் கணக்குக் கொள்கையில் அதைவிடக் குறைவான வரம்பை வைத்துக்கொள்ளலாம். ஆகவே 8,000 டாலர் விலையுள்ள ஓர் இயந்திரம் ஒரு நிறுவனத்தில் கருவியாகவும், மற்றொன்றில் வெறும் பொருளாகவும் கணக்கிடப்படலாம். பேசி முடித்த விகிதமே இல்லாத சிறு நிறுவனங்கள் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. முன்பு இது 10 சதவீதம். தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சுக்கு விண்ணப்பிக்கும்போது, ஆய்வாளரின் ஊதியத்தில் மானியத்திலிருந்து எடுக்கக்கூடிய பகுதிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இத்தகைய பட்ஜெட் ஒன்றைச் சுயமாகப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஏன் அது அனுமதிக்கத்தக்கது, ஏன் இந்தத் திட்டத்துக்கு உரியது, ஏன் நியாயமான தொகை என்று இரண்டிரண்டு வாக்கியம் எழுதிப் பழகியவர், நேர்காணலில் பட்டச் சான்றிதழைக் காட்டுபவரைவிட முன்னால் நிற்பார்.

ஒப்பந்தத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது

கூட்டாட்சி அரசின் பணம் எந்த வடிவில் வருகிறது என்பதே முதற்கேள்வி. 1977ஆம் ஆண்டுச் சட்டமொன்று மானியம், கூட்டுறவு உடன்படிக்கை, கொள்முதல் ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. பொதுநலன் கருதி ஒரு பணிக்குத் துணைநிற்க அரசு தருவது மானியம். அதில் அரசும் கணிசமாக ஈடுபடுமானால் கூட்டுறவு உடன்படிக்கை. தன் தேவைக்காக ஒன்றை வாங்குவதானால் ஒப்பந்தம். ஒப்பந்தமென்றால் கூட்டாட்சிக் கொள்முதல் விதிகள் வந்துவிடும், அவற்றின் உட்பிரிவுகள் எண்களாக மட்டும் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த எண்களைத் தேடி வாசிக்காமல் கையொப்பத்துக்கு அனுப்புவது இத்துறையில் மன்னிக்கப்படாத சோம்பல்.

தனியார் நிறுவனத்தின் ஒப்பந்த வரைவு கைக்கு வந்தால், பணம் குறித்த பக்கத்தை விட்டுவிட்டு, முதலில் வெளியீட்டுப் பிரிவைத் திறந்து பாருங்கள். “முடிவுகளை வெளியிடுமுன் நிதி தருபவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற வேண்டும்” என்று ஒரு வரி இருக்கும். பார்ப்பதற்கு மரியாதையான கோரிக்கை போலத் தோன்றும். ஆனால் வெளிநாட்டவருக்குத் தொழில்நுட்பத்தைக் காட்டுவதையும் ஏற்றுமதியாகவே கருதும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளில், முடிவுகளைத் தடையின்றி வெளியிடக்கூடிய அடிப்படை ஆய்வுக்கு ஒரு விலக்கு உண்டு. ஒப்புதல் நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் அந்த விலக்கு பறிபோகலாம். விலக்கு போனால், அதே ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் வெளிநாட்டு மாணவருக்குச் சில தொழில்நுட்பங்களைக் காட்டுவதற்கே அரசின் உரிமம் தேவைப்படலாம். வேறு நாட்டவர் திட்டத்தில் பணியாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் இதே விளைவைத் தரும். எனவே நிர்வாகி அந்த வரியை அடித்துவிட்டு, “வெளியிடுமுன் 30 நாள் பார்வைக்குத் தரப்படும், நிதி தருபவரின் இரகசியத் தகவல் ஏதேனும் இடம்பெற்றிருந்தால் நீக்கப்படும், காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால் மேலும் சிறிது காலம் தள்ளிவைக்கப்படும்” என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். எதிர்த்தரப்பின் உண்மையான கவலை பெரும்பாலும் இவ்வளவுதான் என்பதால், இது ஏற்கப்படுவதே வழக்கம். மறுப்பு மட்டும் எழுதி அனுப்புபவரும் மாற்று வாசகத்தோடு மறுப்பவரும் இத்துறையில் இரு வேறு மதிப்புப் பெறுகிறார்கள்.

அடுத்தது அறிவுசார் சொத்து. கூட்டாட்சிப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையை நிறுவனமே வைத்துக்கொள்ள 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் வழிசெய்கிறது. அதற்கு ஈடாக, கண்டுபிடிப்பை அரசுக்குத் தெரிவிப்பது, உரிமை கோருவது, காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது ஆகியவற்றுக்கெல்லாம் காலக்கெடு உண்டு, அரசுக்குப் பயன்பாட்டு உரிமமும் உண்டு. ஒரே ஆய்வுக்கூடத்தில் அரசுப் பணமும் தனியார் பணமும் கலந்து ஓடும்போது, தனியாருக்கு முழு உரிமையை வாக்களிக்கும் ஒப்பந்தம் அரசுக்குத் தந்த வாக்கை மீறிவிடும். லாப நோக்கற்ற நிறுவனத்துக்கே உரிய வேறொரு கவலையும் இங்கே இருக்கிறது. ஆய்வுக் கட்டடம் வரிவிலக்குப் பெற்ற கடன் பத்திரங்களால் கட்டப்பட்டதென்றால், அங்கே பிறக்கப்போகும் கண்டுபிடிப்புக்கான உரிமத் தொகையை முன்கூட்டியே குறைவாக நிர்ணயித்து நிதி தருபவருக்குத் தருவது, கட்டடத்தைத் தனியார் வணிகத்துக்குப் பயன்படுத்துவதாகக் கருதப்படக்கூடும்; அப்போது பத்திரங்களின் வரிவிலக்கே பறிபோகலாம். வருமான வரித்துறை இதற்கென 2007இல் வெளியிட்ட நடைமுறை அறிவிப்பின்படி, கண்டுபிடிப்பு கைக்கு வந்தபின் போட்டிச் சந்தை விலையில் உரிமத் தொகையைத் தீர்மானிப்பது பாதுகாப்பான வழி. கட்டடத்துக்கும் காப்புரிமைக்கும் என்ன தொடர்பு என்று புதியவர்கள் வியப்பார்கள். அனுபவமுள்ள நிர்வாகி உரிமப் பிரிவை வாசிக்கும்போதே, இந்த ஆய்வு எந்தக் கட்டடத்தில் நடக்கப்போகிறது என்று கேட்டுவிடுவார்.

எல்லா ஒப்பந்தத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. உயிரியல் பொருட்களைப் பரிமாறிக்கொள்ள 1995இல் வந்த பொது மாதிரி உடன்படிக்கை இருக்கிறது. துணை மானியங்களுக்கு, ஆய்வு நிறுவனங்களும் அரசு முகமைகளும் சேர்ந்து நடத்தும் கூட்டாட்சிச் செயல்விளக்கக் கூட்டமைப்பின் படிவங்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. இவற்றைத் தரவிறக்கி வாசிப்பதே இலவசமாகக் கிடைக்கும் நல்ல பயிற்சி.

பணம் வந்த பின்

பிந்தைய பணி சுவையற்றது என்ற பேச்சு உண்டு. தணிக்கையாளர் வந்து உட்காரும் நாளில் அப்படித் தோன்றாது. ஊதியம் உண்மையில் செய்த வேலையின் அடிப்படையில் மானியத்தில் ஏற்றப்பட்டது என்பதற்கு ஆவணம் இருக்க வேண்டும். ஒரு திட்டத்தில் ஏறிய செலவை இன்னொன்றுக்கு மாற்றினால், “எழுத்துப் பிழை சரிசெய்யப்பட்டது” என்று மட்டும் எழுதினால் போதாது. பிழை எப்படி நேர்ந்தது, புதிய திட்டத்துக்கு அச்செலவு எவ்வகையில் பயன் என்று எழுத வேண்டும். திட்டம் முடியும் மாதத்தில் திடீரென வாங்கப்படும் கணினிகள் எந்தத் தணிக்கையாளரின் கண்ணையும் ஈர்க்கும். முதன்மை ஆய்வாளர் மூன்று மாதத்துக்கு மேல் திட்டத்திலிருந்து விலகியிருந்தாலும், தம் நேரத்தை 25 சதவீதம் குறைத்துக்கொண்டாலும் முன் அனுமதி தேவை. அவர் நீண்ட விடுப்பில் போவதை நிர்வாகி பெரும்பாலும் யாரோ போகிற போக்கில் சொல்லித்தான் அறிகிறார். இறுதி அறிக்கைகளுக்குத் திட்டக் காலம் முடிந்தபின் 120 நாள் அவகாசம். ஆவணங்களை இறுதி நிதி அறிக்கை அளித்ததிலிருந்து பொதுவாக மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். தெரிந்தே பொய்க்கணக்குக் கொடுத்ததாக 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி நிரூபணமானால், அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல மூன்று மடங்கும் அதற்கு மேல் அபராதமும் கட்ட நேரிடும்.

வேலை தேடும்போது

விண்ணப்பிக்குமுன் நிறுவனத்தைப் பற்றிப் பொதுவெளியில் கிடைக்கும் ஆவணங்களைப் படித்துவிடுங்கள். என்.ஐ.எச்.சின் ரிப்போர்ட்டர் தளத்தில் அந்நிறுவனம் பெற்ற மானியங்களும் தொகைகளும் இருக்கும். கூட்டாட்சித் தணிக்கைக் களஞ்சியத்தில் அதன் ஆண்டுத் தணிக்கை அறிக்கை இருக்கும். 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ தொடங்கும் நிதியாண்டுகளில், ஓராண்டில் கூட்டாட்சிப் பணம் 10 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் செலவிடும் நிறுவனங்களுக்கு இத்தணிக்கை கட்டாயம். அதில் குறைபாடு ஏதேனும் பதிவாகியிருந்தால், அந்த வேலையிடம் ஏன் உருவானது என்பது உங்களுக்குப் புரிந்துவிடலாம். நேர்காணலில் அதைக் குத்திக்காட்டாமல், துணை மானியக் கண்காணிப்போ ஊதியப் பதிவோ எதில் குறை இருந்ததோ அதில் உங்களுக்குள்ள அனுபவத்தைச் சொன்னால் போதும்.

சுயவிவரத்தில் “மானியப் பணிகளுக்கு உதவினேன்” என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை விண்ணப்பங்கள், எந்தெந்த முகமைகள், எவ்வளவு தொகை, கிராண்ட்ஸ்.கவ், ஈ.ஆர்.ஏ. காமன்ஸ், ரிசர்ச்.கவ் ஆகிய அரசு மானிய இணையதளங்களில் எதில் பழக்கம் என்று எழுதுங்கள். வேறு துறையிலிருந்து வருபவர்கள், ஆய்வுக்கூடத்துக்குக் கொள்முதல் செய்ததையோ ஒரு தொண்டு நிறுவனத்தின் நன்கொடைக் கணக்கை முடித்ததையோ இதே மொழியில் சொல்லலாம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, சான்று பெற்ற ஆய்வு நிர்வாகி என்ற சி.ஆர்.ஏ. தேர்வை இதற்கென உள்ள சான்றளிப்புக் குழு நடத்துகிறது. இளங்கலைப் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மானியத்துக்கு முந்தைய பணிக்கும் நிதிப் பணிக்கும் தனிச் சான்றுகளும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மத்திய புளோரிடா பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பட்டமே இருக்கிறது; ஆனால் சொந்தப் பணத்தில் முதலிலேயே அதைப் படிப்பதைவிட, வேலையில் சேர்ந்து நிறுவனத்தின் கல்வி உதவியோடு படிப்பது சிக்கனம். 1959இல் தொடங்கிய என்.சி.யூ.ஆர்.ஏ., 1967இல் தொடங்கிய எஸ்.ஆர்.ஏ. இன்டர்நேஷனல் ஆகிய இரண்டு தொழில்முறைச் சங்கங்களும் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன.

வேலை நிலைத்தன்மை பற்றியும் ஒரு சொல். 2025 பிப்ரவரியில் என்.ஐ.எச். மறைமுகச் செலவை ஒரே விகிதமாக 15 சதவீதத்துக்குக் குறைப்பதாக அறிவித்தது. மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே ஆண்டில் நடப்பிலிருந்த பல மானியங்கள் நிறுத்தப்பட்டன. நிர்வாகிகளின் ஊதியம் பெரும்பாலும் மறைமுகச் செலவுத் தொகையிலிருந்தே வருவதால், இந்த இழுபறி உங்கள் வேலையை நேரடியாகத் தொடும். எனவே நேர்காணலின் முடிவில் உங்கள் முறை வரும்போது, நிறுவனத்தின் ஆய்வு வருவாயில் கூட்டாட்சிப் பணத்தின் பங்கு என்ன, அறக்கட்டளைகளும் தனியாரும் தருவது எவ்வளவு என்று கேளுங்கள். விண்ணப்பக் கெடுவுக்கு எத்தனை நாள் முன்பாக அலுவலகத்துக்குக் கோப்பு வந்துசேர வேண்டும் என்று எழுதப்பட்ட விதி இருக்கிறதா, மூத்த ஆய்வாளர் ஒருவர் கடைசி மணி நேரத்தில் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள். விதி உண்டு, ஆனால் யாரும் பின்பற்றுவதில்லை என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தால், அந்தப் பதவியின் மாலை நேரங்கள் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஊதியத்தைப் பேசுங்கள்.