வேலூரில் கிடைத்த கிருமி வேலூர்க் கிருமிதானா?

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா எப்படிப் பரவுகிறது என்று ஆராயத் தொடங்கும் இளையவர்கள் ஆய்வகத்தில் செய்யும் பிழைகளை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் செய்யும் பிழை, கட்டுரை அச்சேறும்வரை கூடவே வரும்.

வேலூரின் பெரிய மருத்துவமனையில் சேகரித்த ஈ கோலை என்ற குடல் பாக்டீரியாவை வைத்துக்கொண்டு ‘வேலூர் மாவட்டத்தின் நிலை’ என்று தலைப்பிடுவது இதில் முதல் வகை. மருத்துவமனைப் பக்கத்துக் காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். விடுதிப் பலகைகளில் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று வருகிற நோயாளிகளில் பலர் ஊரிலேயே நாலைந்து மருந்துகளைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள். சொந்த ஊர், சேர்ந்த தேதி, முன்பு எடுத்த மருந்து ஆகிய மூன்றும் பதிவில் இல்லையென்றால் அந்தக் கிருமி எங்கே வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே நோயாளியின் மாதிரியிலிருந்து அதே கிருமி திரும்பத் திரும்பக் கிடைத்தால், முதலாவதை மட்டும் கணக்கில் எடுங்கள். இல்லையென்றால் வார்டில் நெடுநாள் படுத்திருப்பவர் ஒருவரே உங்கள் சதவீதத்தை ஏற்றிவிடுவார்.

நீர் மாதிரி எடுக்கப் போனால் பாலாறும் ஏமாற்றும். ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது ஆறல்ல, சாக்கடை. கோடையில் எடுத்த புட்டியையும் ஐப்பசி மழையில் எடுத்ததையும் அருகருகே வைத்து ‘எதிர்ப்புக் கிருமி குறைந்துவிட்டது’ என்பது வீண். தோல் தொழிற்சாலைப் பகுதி என்றால் குரோமியத்தையும் அளந்துவிடுங்கள். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில், அதாவது பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையத்தில், இருக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக் இல்லாத நீரிலும் எதிர்ப்பு நிலைத்து நிற்கும்.

சாக்கடைக் கிருமியும் வார்டுக் கிருமியும் ஒரே மருந்துகளுக்கு மசியவில்லை என்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று ஆகாது. பிளாஸ்மிட் ஈ கோலையிலிருந்து கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவுக்கும் தாவும். டி.என்.ஏ.வைச் சிறு சிறு துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு வரிசைமுறையில் பிளாஸ்மிட் பெரும்பாலும் முழுதாக ஒட்டி வராது. சில மாதிரிகளையாவது நீளமான துண்டுகளாகப் படிக்கும் நெடுந்துண்டு முறையில் படிக்க வேண்டும்.

ஆய்வக மேசையில் ஒன்றே ஒன்று: மற்ற மருந்துகள் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டினுக்கு, மருந்து தோய்த்த வட்டைக் கிருமி வளரும் தட்டில் வைத்துப் பார்க்கும் வட்டுச் சோதனையை நம்பாதீர்கள். அந்த மூலக்கூறு தட்டிலுள்ள அகார் கூழில் சரியாகப் பரவாது. மருந்தைப் படிப்படியாக நீர்த்துத் திரவ ஊடகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் குழம்பு நுண்நீர்ப்பு (broth microdilution) முறைதான் ஏற்றது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் இம்மருந்தை இந்தியா 2019இல் தடை செய்தது. ஆகவே பண்ணைக்காரரிடம் ‘ஆன்டிபயாடிக் கொடுக்கிறீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை சார்’ என்றுதான் பதில் வரும். தீவன மூட்டைச் சீட்டையும் கொட்டகை ஓரம் கிடக்கும் காலி பாக்கெட்டுகளையும் காட்டச் சொல்லுங்கள்.