பின்பால் தகுதிச்சுற்று: முதன்முறை போகிறவர்களுக்கு

பின்பால், அதாவது இயந்திரத்துக்குள் உருளும் பந்தைத் துடுப்புகளால் தட்டி ஸ்கோர் எடுக்கும் ஆட்டம். அதன் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் திரையில் ஒளிரும் ஸ்கோரைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள், இல்லையென்றால் நொந்துபோவார்கள். இரண்டுமே வீண். 1970களின் இயந்திரம் ஒன்றில் ஒரு லட்சம் எடுத்தால் நல்ல ஆட்டம். 1995இல் வந்த ‘அட்டாக் ஃபிரம் மார்ஸ்’ இயந்திரத்தில் கணக்கே நூறு கோடிகளில் போகும். தகுதிச்சுற்றில் செல்லுபடியாவது அந்தந்த இயந்திரத்தில் நீங்கள் எத்தனையாவது இடம் என்பதுதான்.

படி 1: எந்த முறை என்று கேளுங்கள்

மேட்ச் பிளே, அதாவது நேருக்கு நேர் ஆடும் முறை என்றால் கவலை வேண்டாம். நான்கு பேர் ஒரே இயந்திரத்தில் மாறி மாறி ஆடுவீர்கள். அமெரிக்காவின் பெரிய மேட்ச் பிளே போட்டியான பின்பர்க்கில் ஓர் ஆட்டத்துக்கு இடவரிசைப்படி 3, 2, 1, 0 என்று புள்ளிகள். ஸ்ட்ரைக் முறை இன்னும் எளிது: தோற்றால் ஒரு ஸ்ட்ரைக்; குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஸ்ட்ரைக் வாங்கினால், பெரும்பாலும் மூன்று, வீட்டுக்குப் போகலாம்.

படி 2: சீட்டு முறையா, கார்டு முறையா?

மேட்ச் பிளே இல்லையென்றால், ஸ்கோரை வைத்து இடம் பிடிக்கும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சீட்டு முறையில் ஒரு நுழைவுக்கு (ஒரு சீட்டுக்கு) ஓர் ஆட்டம். சொதப்பினால் அது கணக்கில் வராது. ஒவ்வொரு இயந்திரத்திலும் உங்கள் சிறந்த ஸ்கோர் மட்டும் நிற்கும். கார்டு முறை கறாரானது. ஐந்து இயந்திரங்களைத் தேர்ந்து கார்டு எடுத்தால் ஐந்தும் சேர்ந்தே எண்ணப்படும். நான்கில் அசத்திவிட்டு ஐந்தாவதில் கோட்டைவிட்டால், முழுக் கார்டையும் மறுபடி ஆட வேண்டும்.

நுழைவுக்கு வரம்பு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வரம்பே இல்லாத போட்டியில் பணமும் நேரமும் உள்ளவர் கை ஓங்கும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

படி 3: புள்ளிக் கணக்கு

பரவலாக உள்ள கணக்கு இது: முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 90, மூன்றாமிடத்துக்கு 85, பிறகு 84, 83 என்று ஒவ்வொன்றாக இறங்கும். ஓர் இயந்திரத்தில் முதலிடமும் இன்னொன்றில் இருபதாமிடமும் பிடித்தால் 100 + 68 = 168. இரண்டிலும் மூன்றாமிடம் பிடித்தவருக்கோ 170. என் முதல் போட்டியில் பிடித்த இயந்திரத்தையே கட்டிக்கொண்டு அழுதேன். அங்கே முதலிடம், மற்றவற்றில் பாதாளம், இறுதிச்சுற்று கைநழுவியது. எந்த இயந்திரத்தில் உங்கள் இடம் மோசமோ, அதற்கே அடுத்த சீட்டைச் செலவிடுங்கள்.

படி 4: கடைசி மணிநேரம்

நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் புள்ளிகள் குறையும். மற்றவர்கள் உங்களை முந்தும்போது இடம் இறங்குகிறதே! கடைசி நேர வரிசையும் நீளமாக இருக்கும், முன்கூட்டியே ஆடிவிடுங்கள். கடைசிப் பந்து விழுந்ததும் ஸ்டார்ட் பொத்தானைத் தொடாதீர்கள். குறிப்பவர் வந்து ஸ்கோரை எழுதும்வரை இயந்திரத்தின் அருகிலேயே நில்லுங்கள்.