பட்ஜெட் கார் டயர்: மழையில் எப்படி, வெயிலில் எப்படி, வாங்கும்முன் என்ன கேட்க வேண்டும்

டயர் மாற்றிய முதல் மாதத்தில் யாரைக் கேட்டாலும் "சூப்பரா இருக்கு, மழையிலகூட ரோட்டைக் கவ்விப் பிடிக்குது" என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை. நேற்றுவரை மொட்டை டயரில் ஓட்டியவருக்கு எந்தப் புது டயரும் அப்படித்தான் தெரியும், அது கடையிலேயே விலை குறைந்ததாக இருந்தாலும் சரி. புது கார் டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பரில் இருக்கும் மேடு பள்ள வெட்டு) ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். அந்த ஆழத்தில் ரப்பர் சுமாராக இருந்தாலும் தண்ணீர் வெளியேற வழி கிடைத்துவிடும். பட்ஜெட் டயரின் நிஜ குணம் தெரிவது அது பாதி தேய்ந்த பிறகு, இரண்டு மூன்று கோடை வெயிலில் ரப்பரும் இறுகிய பிறகு, ஐப்பசி மழையில் திடீரென்று பிரேக் மிதிக்கும்போதுதான். அதனால் தெரிந்தவர்களிடம் விசாரிக்கும்போது "எப்படி இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு" என்று ஆரம்பியுங்கள். இருபதாயிரத்துக்குக் கீழே என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

அடுத்தது, சொல்பவர் யார், எங்கே ஓட்டுகிறார் என்பது. கால் டாக்ஸி ஓட்டும் அண்ணன்களைப் போல டயர் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒரு செட் டயர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கிறது என்பதுதான் பிழைப்பு, எனவே கெட்டியான ரப்பரைப் பாராட்டுவார்கள், ஈரத்தில் கொஞ்சம் வழுக்கினால் "மெதுவா போனா போச்சு" என்று சமாளித்துக்கொள்வார்கள். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் டயர் தேய்வதற்கு முன்னால் வயசாகிவிடும்; அப்படியிருக்க ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் எதற்கு? அதே மாதிரி ராமநாதபுரத்துக்காரர் "ஒரு குறையும் இல்லை" என்று சொன்னதை நம்பி வால்பாறையில் இருப்பவர் அதே டயரை வாங்கினால், ஆனி ஆடியில் அந்த 40 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அது வேறு டயராக நடந்துகொள்ளும்.

வெயிலில், உலர்ந்த ரோட்டில் பட்ஜெட் டயர் பெரிதாக ஏமாற்றாது என்பது என் அபிப்பிராயம். நாற்கர சாலையில் 80, 90-ல் போகும் சின்ன காருக்கு விலை உயர்ந்த டயருக்கும் விலை குறைந்த டயருக்கும் நடுவே ஓட்டுநர் உணரும் வித்தியாசம் பெரும்பாலும் சத்தமும் குலுக்கலும்தான். கெட்டி ரப்பர் கான்கிரீட் ரோட்டில் இரையும், பள்ளத்தில் தட் என்று அடிக்கும். பொறுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டிய விஷயம் சூடு. வேலூர், திருத்தணிப் பக்கம் சித்திரை வெயிலில் ஏற்கெனவே ரோடு கொதிக்கும். அதில் காற்று குறைந்த டயர் நாலு பேரையும் லக்கேஜையும் சுமந்துகொண்டு வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து உள்ளேயே சூடேறும், வெடிப்பது அப்படித்தான். அதிக விலை கொடுத்து வாங்கிய டயரும் காற்று இல்லாமல் ஓட்டினால் வெடிக்கத்தான் செய்யும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். அந்த அளவைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஓடிவந்த சூட்டில் பங்கில் பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து பயந்து இறக்கிவிட வேண்டாம்.

மழைதான் விஷயமே.

ஒரு சின்னக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த தாரில் பிடிப்பு (உராய்வுக் கெழு) 0.8 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த பிறகு நிற்க சுமார் 31 மீட்டர் ஆகும். ஈரத்தில் நல்ல டயருக்குப் பிடிப்பு 0.5 என்றால் 50 மீட்டர். அதுவே 0.4-க்கு இறங்கிவிட்டால் 63 மீட்டர். அந்த 0.1 வித்தியாசம் மூன்று கார் நீளம். இதில் நாம் பிரேக்கைத் தொடுவதற்கே ஆகும் நேரத்தைச் சேர்க்கவில்லை, அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த ரோட்டில் டயருக்கு டயர் வரும் வித்தியாசம் ஓரிரு மீட்டராக இருந்தால் ஈரத்தில் அது முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கமாக இருக்கும்.

ஏன் இப்படி? ஈரப் பிடிப்புக்குப் பட்டனின் வடிவமும் ரப்பர் கலவையும் இரண்டும் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மிஷ்லான் நிறுவனம் கார் டயர் ரப்பரில் கரித்தூளுக்குப் பதில் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்து விற்க ஆரம்பித்த பிறகு, ஈரப் பிடிப்பும் எரிபொருள் மைலேஜும் ஒன்றாகக் கிடைக்க வழி பிறந்தது. சிலிக்கா கலவை தயாரிப்பு செலவு பிடித்த வேலை. விலையைக் குறைக்கும்போது அதில்தான் முதலில் கை வைப்பார்கள். இன்னொரு பக்கம் டயர் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று ரப்பரை இறுக்கினாலும் ஈரத்தில் பிடி குறையும். ஆகவே நம்மை ஏமாற்றுவது மலிவு மட்டுமல்ல, ரப்பரின் இறுக்கமும்தான். ஒரே கம்பெனியிலேயே இரண்டு வகை இருக்கும்: அப்பல்லோவில் அமேசர் 4ஜி லைஃப், சியட்டில் மைலேஸ் போன்றவை நீண்ட உழைப்பை முன்னிறுத்தி விற்பவை, அதே கம்பெனிகளின் ஆல்நாக், செக்யூராடிரைவ் ஓட்டும் கட்டுப்பாட்டை முன்னிறுத்துபவை. உங்கள் அளவில் இரண்டும் கிடைத்து விலை வித்தியாசம் டயருக்குச் சில நூறு ரூபாய்தான் என்றால், மழை ஊரில் இருப்பவர் இரண்டாவதை எடுக்கலாம். பெயருக்குள்ளேயே "லைஃப்", "மைல்" என்று வந்தால் எதற்காகச் செய்த டயர் என்பது புரிந்துவிடும்.

பக்கச் சுவரையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 165/80 ஆர்14 85டி என்று இருந்தால் 165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவர் உயரம், 14 அங்குல டிஸ்க் (ரிம்). 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கு, டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை என்பதற்கு. காரோடு வந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள், "இதே சைஸ்தான் சார்" என்று கடைக்காரர் சொன்னாலும். ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெயர் தெரியாத வெளிநாட்டு டயர்கள் கடைகளில் குறைந்துவிட்டன, இருந்தாலும் முத்திரையைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் டி.ஓ.டி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம். 3224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 32-வது வாரம் செய்தது. ஆறு மாதம் பழசு என்றால் பரவாயில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் குடோனில் கிடந்ததை "ஆஃபர்" என்று தள்ளிவிடப் பார்த்தால் அந்த ஆஃபர் யாருக்கு என்று யோசியுங்கள். நாலு டயருக்கும் தனித்தனியாகப் பாருங்கள், மூன்று புதுசோடு ஒரு பழசு கலந்து வருவது உண்டு.

விலை பேசும்போது ஒரு விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அடிப்படை விலை மாறாவிட்டால் முன்பு 5,000 ரூபாய்க்கு விற்ற டயர் இப்போது சுமார் 4,600 ஆக வேண்டும். அந்த 400 ரூபாயை நீங்கள் கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி பில் வாங்கி வையுங்கள், டயர் வீங்கினாலோ பிளந்தாலோ வாரண்டி கேட்க அதுதான் ஆதாரம் (பள்ளத்தில் அடிபட்டு வீங்கினால் வாரண்டி கிடைக்காது, தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான்). நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டாம், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மிச்சமாகும் பணத்தில் டியூப்லெஸ் வால்வை நாலுக்கும் புதுசாகப் போடச் சொல்லுங்கள், வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்யுங்கள். அலைன்மென்ட் சரியில்லாமல் புது டயர் போட்டால் ஓரம் தின்ன ஆரம்பித்துவிடும், பட்ஜெட் டயர் வாங்கி மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் டயர் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். வேண்டாம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பட்டன் வெட்டி, கறுப்பு பாலீஷ் அடித்து வைத்தால் புதுசு போலவே மின்னும், உள்ளே கம்பிக்கு மேல் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் விலை குறைந்த புது டயரே வந்துவிடும்.

நாலும் ஒன்றாக மாற்ற முடியாமல் இரண்டு மட்டும் வாங்குகிறீர்களா? இங்கேதான் கடையில் வாக்குவாதம் வரும். "முன்னாடிதான் சார் என்ஜின், முன்னாடிதான் ஸ்டியரிங், புதுசு முன்னாடி போடணும்" என்பார்கள். டயர் கம்பெனிகள் சொல்வது நேர்மாறு: புது ஜோடி பின்னால். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரம்போலச் சுற்றும், ஏற்காடு மலைப்பாதையில் அதைச் சமாளிக்கும் திறமை நம்மில் யாருக்கும் கிடையாது. பழைய ஜோடி ரொம்பத் தேய்ந்திருந்தால் இந்த வாதமே வேண்டாம், நாலையும் மாற்றுங்கள். ஒரே அச்சில் இரண்டு வேறு டயர் மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

போட்ட அன்றே மழையில் சீறிப் பாய வேண்டாம். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், அது உரிந்து போகும்வரை முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டர் கழித்து ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு மழை நாளில், பின்னால் வண்டி எதுவும் வராத நேரான காலி ரோட்டில், 40-ல் போய் பிரேக்கை நன்றாக மிதித்துப் பாருங்கள். பெடல் காலுக்கடியில் படபடவென்று அதிர்ந்தால் ஏ.பி.எஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது, டயர் பிடி விடுகிறது என்று அர்த்தம். எவ்வளவு லேசாக மிதிக்கும்போதே அது ஆரம்பிக்கிறது என்பதைக் கவனித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து, ஒரு வருஷம் கழித்து அதே இடத்தில் அதே மாதிரி பார்த்தால் டயர் எப்படி மாறுகிறது என்பது உங்களுக்கே தெரியும்; யாருடைய அனுபவத்தையும்விட இதுதான் நம்பகமானது. ஏ.பி.எஸ் இல்லாத பழைய கார் என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள், சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்துவிடும்.

மழையில் ஓட்டும்போது இரண்டு விதமான ஆபத்து, இரண்டும் வேறு வேறு. ஒன்று, முதல் மழை. மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் தூறலில் குழைந்து சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இந்த முதல் அரை மணி நேரத்தில் கெட்டி ரப்பர் டயர் மிக மோசமாக நடந்துகொள்ளும், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும். மற்றொன்று, ஈ.சி.ஆரிலோ பைபாஸிலோ தேங்கிய தண்ணீரில் வேகமாக ஏறுவது. டயர் தண்ணீரை வெட்டித் தள்ள நேரமில்லாமல் அதன்மேல் மிதந்துவிடும், ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். இதற்கு விமான டயர்களை வைத்து நாசா ஆய்வில் கண்டுபிடித்த ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: காற்று 33 பி.எஸ்.ஐ இருந்தால் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும், 25-க்கு இறங்கிவிட்டால் 83-லேயே. கார் டயர் அப்படியே அந்த எண்ணைப் பின்பற்றாது, பட்டன் தேய்ந்தால் அதற்கும் முன்பே மிதக்கும், ஆனால் காற்று குறைந்தால் மழையில் ஆபத்து கூடும் என்பது மட்டும் நிச்சயம். "மழைக்குக் கொஞ்சம் காத்து இறக்கி ஓட்டினா கிரிப் கூடும்" என்று சொல்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். மிதந்துவிட்டால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக விடுங்கள்.

சட்டப்படி கார் டயருக்குக் குறைந்தபட்ச பட்டன் ஆழம் 1.6 மி.மீ. பட்டன் இடுக்கில் குறுக்காக இருக்கும் சின்ன மேடு ரப்பர் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். டயர் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ அல்லது ஒரு முக்கோணக் குறி இருக்கும் இடத்துக்கு நேரே தேடினால் அந்த மேடு கிடைக்கும். பட்ஜெட் டயரை அதுவரை இழுக்காதீர்கள். புரட்டாசியில் ஒருமுறை அளந்து பாருங்கள், 3 மி.மீ.க்கு வந்திருந்தால் ஐப்பசி பிறக்கும் முன்பே மாற்றுவது நல்லது. நிறைய ஓட்டாதவர்கள் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது: பட்டன் அப்படியே இருந்தும் ஐந்தாறு வருஷமாகி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்த ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடும்போது ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து காற்று பாருங்கள், அதன் தயாரிப்பு வாரத்தையும் படியுங்கள். பல கார்களில் டிக்கிக்குள் கிடப்பது கார் வாங்கிய நாளில் வந்ததேதான், பட்டன் புதுசாக இருக்கும், ரப்பருக்கு எட்டு பத்து வயசு. அதை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போகலாம், மழையில் ஊர் வந்து சேர அதை நம்ப முடியாது.