கரையில் ஓடும், கடலில் அணையும் எஞ்சின்

பாம்பனில் ஃபைபர் படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறேன். எஞ்சின் விட்டு விட்டு அணைகிறது என்றால் எடுத்தவுடனே சிடிஐ பாக்ஸை (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டி) மாற்றாதீர்கள். விலை அதிகம், பெரும்பாலும் குற்றம் உப்புக்காற்றில்தான்.

முதலில் பேட்டரி முனைகளைச் சுரண்டி, கையால் திருகும் சிறகு நட்டுக்குப் பதில் ஆறுகோண நட்டு போட்டு ஸ்பானரால் இறுக்குங்கள். அலை அடிக்கிற அடியில் சிறகு நட்டு தளர்ந்துவிடும். அப்புறம் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இணைப்பு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் இணைப்பு சரியில்லை.

சரி, அதுவும் நன்றாக இருந்தால்? எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி, நியூட்ரலில் ஓடவிட்டு, கட்டாகப் போகும் வயர்களைச் சாண் சாணாக அசையுங்கள். பிளக் வயர் பக்கம் கை போகக் கூடாது. தடுமாறும் இடத்தில் எஞ்சினை நிறுத்தி உறையைக் கீறுங்கள். போன மாதம் வந்த ஒரு வயர் வெளியே புதுசு போல இருந்தது. உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

கடைசியாக, அவசர நிறுத்த சுவிட்சின் வயரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றால் சுவிட்ச்தான் காரணம். அந்த வயர் கழன்றிருக்கும்போது எஞ்சினை நிறுத்த, காற்றை அடைக்கும் சோக்கை இழுக்க வேண்டும். புது சுவிட்ச் போடாமல் கடலுக்குப் போகவே போகாதீர்கள்.