புதுச் சேவல் வந்ததும் நாம் செய்கிற தவறுகள்

பெட்டி வந்து இறங்கியதும் திறந்து பார்க்கக் கை பரபரக்கும். நானும் அப்படித்தான் முற்றத்தின் நடுவில் வைத்து மூடியை முழுசாகத் தூக்கினேன். உள்ளே குறுகிக் கிடந்த ஐந்து மாத விடலைச் சேவல் என்னை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நொடி தோளை உரசிக்கொண்டு பறந்து, கொட்டகைக் கூரையில் போய் உட்கார்ந்துவிட்டது. தீனியைக் காட்டி, கூப்பிட்டு, கெஞ்சி, ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக இருட்டிய பிறகு ஏணி வைத்து ஏறி, இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். பகலெல்லாம் என்னை அலைக்கழித்தது, அப்போது ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. மிரளும் சேவலைத் தூக்குவது, காலைப் பார்ப்பது, இடம் மாற்றுவது எல்லாவற்றையும் இரவுக்கு வைத்துக்கொண்டால் பாதிப் போராட்டம் மிச்சம். பெட்டியை, மேலேயும் வலை போட்ட கூண்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தானாக வெளியே வரட்டும், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

பாவம், பசியோடு வந்திருக்கும் என்று முதலில் தானியத்தைக் கொட்டுவது அடுத்த தவறு. பயணத்தில் பசியைவிடத் தாகம்தான் அதை அதிகம் வாட்டியிருக்கும். முதலில் தண்ணீர். குடிக்கத் தெரியாமல் நின்றால் அலகின் நுனியை மட்டும் நனைத்துவிடுங்கள், மூக்குத் துளை முங்கக் கூடாது. தீனி அதற்கப்புறம். அது முன்பு என்ன தின்றது என்று கொடுத்தவரிடம் கேட்டு வைத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளர்கிற சேவலுக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூட்டத்தோடு சேர்த்த பிறகு எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதுதான் சுலபம்.

புதுக் கோழியைத் தனியாக வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலு நாள் பார்த்துவிட்டு, 'நல்லாத்தானே இருக்கு' என்று அவிழ்த்துவிடுகிறோம். கூட்டத்தையே கெடுக்கிற தவறு இதுதான். மூச்சுக் குழலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி தொற்றி, அறிகுறி தெரியவே 6 முதல் 21 நாள் வரை ஆகலாம். சில கோழிகள் வெளியே காட்டாமலே சுமக்கும். பயண அலுப்பில் உடம்பு தளரும்போதுதான் தும்மலும் கண்ணில் நுரையும் வரும். அதனால் 30 நாள் கணக்குத்தான் என் கணக்கு. கூட்டத்தின் வேலிக்கு ஒட்டினாற்போல் வைத்தால் அது தனிமையே இல்லை. தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் வேறு. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகத்தான் புதுச் சேவலிடம் போக வேண்டும், ஏனென்றால் உங்கள் செருப்பே கிருமியைக் கொண்டுபோகும். இறக்கைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து போட்டாலும் பேனின் முட்டைகள் தப்பிவிடும், சுமார் பத்து நாளில் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இந்த ஒரு மாதத்தை, 'பழக்குகிறேன்' என்று தினமும் துரத்திப் பிடிக்கிற மாதமாக மாற்றிவிடாதீர்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துதான். ஒவ்வொரு முறை துரத்தும்போதும், மனிதன் என்றால் ஓட வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அதே நேரத்தில், அதே கிண்ணத்தோடு போய், பக்கவாட்டில் திரும்பித் தாழ உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். முதல் வாரம் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒரு நாள் ஒற்றைக் கண்ணை உங்கள் மேல் வைத்துக்கொண்டே இரண்டு தானியம் பொறுக்கித் தின்னும். அது போதும். மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவல்தான் பெரும்பாலும் பிறகு கால் முள்ளை நீட்டிக்கொண்டு நம் மேல் பாய்கிறது, அதற்கு நம்மிடம் அச்சமே போய்விடுகிறது. ஒரு கை தூரம் விலகி நிற்கிற சேவலே எனக்கு நல்ல சேவல்.

சேர்க்கிற நாள் வரும்போது பலரும் சொல்கிற குறுக்கு வழி, இரவில் தூக்கிக்கொண்டுபோய்ப் பரணில் மற்றவற்றோடு உட்கார வைப்பது. காலையில் மறந்து ஏற்றுக்கொள்ளுமாம். விடிந்ததும் அடையாளம் தெரிந்துவிடும், மூடிய கூட்டில் ஓடவும் இடமிருக்காது. ஒரு வாரமாவது நடுவில் கம்பி வலை போட்டு ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். பெட்டைகள் வலையில் வந்து கொத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே சாவகாசமாக மேய ஆரம்பித்தால், நேரம் வந்துவிட்டது. திறந்த வெளியில், அடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் விடுங்கள். தீனி இரண்டு இடத்தில், தள்ளித் தள்ளி. முட்டுச்சந்து மாதிரி மூலை இருந்தால் அடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் திறந்திருக்கிறபடி ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். ஒளியவும் செய்யலாம், தப்பவும் செய்யலாம்.

அடிக்கப்போவது பெரும்பாலும் மூத்த பெட்டைகள். ஆண்பிள்ளைச் சேவல் பெட்டையிடம் அடி வாங்குகிறதே என்று பதறிக் குறுக்கே புகாதீர்கள். பிடரியைச் சிலிர்த்து நாலு கொத்து, ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் வழக்கு முடிந்தது. நாம் பிரித்தால் நாளைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரத்தம் வந்தால் மட்டும் சட்டமே வேறு. கொண்டையில் ஒரு சிவப்புத் துளி தெரிந்தால் மொத்தக் கூட்டமும் அங்கேயே கொத்தும், உடனே பிரித்து, காயம் ஆறிய பிறகே திரும்ப விட வேண்டும். ஏற்கெனவே ஒரு சேவல் இருந்தால் பெட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை. நாலு பெட்டைக்கு இரண்டு சேவல் என்றால் எந்த முறையும் உதவாது.

என் கூரைச் சேவல் சேர்ந்த பிறகும் மூன்று வாரம் கூட்டத்தின் ஓரத்திலேயே திரிந்தது. ஒரு மாலை ஏதோ புழுவைக் கவ்வி, தின்னாமல் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, 'குக் குக்' என்றது. அதை அதிகம் அடித்த கிழட்டுப் பெட்டைதான் முதலில் நடந்து வந்து அந்தப் புழுவைத் தின்றது.