எஞ்சின் மாற்றிய பின் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?
சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்றால், ஸ்டார்ட்டரை (எஞ்சினைச் சுழற்றும் மோட்டார்) கழற்றும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்துக்கு ஒரு ஜம்பர் கேபிளை மாட்டிப் பாருங்கள். சுழன்றுவிட்டால் பழுது எர்த் பட்டையில்தான், அதாவது பிளாக்கைப் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்கும் கனத்த ஒயரில்தான். ஸ்டார்ட்டர் இழுக்கும் 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் பிளாக் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டுகளோ ரப்பர், மின்சாரத்தைக் கடத்தாது. பட்டையை மாட்ட மறந்தாலும், புதுப் பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கினாலும் வெறும் ‘டக்’ சத்தம்தான் மிஞ்சும். சில கார்களில் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக மின்சாரம் திரும்பி, அதுவே சுடத் தொடங்கும்.

பேட்டரி இறங்கியிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. ஜம்பர் மாட்டியும் ‘டக்’ கூடக் கேட்கவில்லையா? ஸ்டார்ட்டருக்கு வரும் மெல்லிய சிக்னல் ஒயரையும், ஆட்டோமேட்டிக் காரானால் நியூட்ரல் சுவிட்சையும் (கியர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட்டரை இயங்கவிடுவது) பாருங்கள்.