குழுவாக ட்ரவுட் பிடிக்கப் போகிறீர்களா? தீர்த்தன் ஆற்றுக்கு ஒரு ஃப்ளை ஃபிஷிங் திட்டம்

குழுப் பயணம் என்று பேச்சு எழுந்ததும் நம் ஆட்கள் முதலில் அறையைத்தான் புக் செய்வார்கள். குளிர்ந்த மலையாற்றில் வாழும் ட்ரவுட் மீனுக்காகப் போகும் பயணத்தில் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு எந்த மாதத்தில் தெளிந்து ஓடும், அதில் எத்தனை பேர் நின்று தூண்டில் போட முடியும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு மற்றதெல்லாம் தானாக அமையும். இந்த வரிசையில் போட்ட திட்டம்தான் எங்கள் குழுவுக்கு ஒத்துவந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, ஃப்ளை ஃபிஷிங் மட்டும் (இறகு, நூல் சுற்றிப் பூச்சிபோல் செய்த ‘ஃப்ளை’யை வீசிப் பிடிக்கும் முறை) புதிது என்பவர்களுக்கான பதிவு இது.

இடம்: இமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டம், தீர்த்தன் ஆறு. நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு. மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ரெயின்போ ட்ரவுட்டை அங்கே நிலைநிறுத்தினார். ஆனால் அந்த நீர்நிலைகள் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதி கைக்கு வருமுன் பல பேருக்கு விடுப்பு, டிக்கெட் என்று தேதி குறிப்பது சிரமம். குல்லுவில் நிலைமை வேறு. 1909இல் காஷ்மீரிலிருந்து வந்த பிரவுன் ட்ரவுட் இங்கே ஆற்றில் தானே பெருகிவிட்டது. உரிமம் வாங்க ஒழுங்கான வழி இருக்கிறது. ஆற்றை ஒட்டியே சாலை ஓடுகிறது.

படி 1: மாதம்

நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய இமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை. பிரவுன் ட்ரவுட் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும் காலம் அது. மீதி எட்டு மாதத்தில் ஜூலை, ஆகஸ்டைத் தள்ளிவிடுங்கள். மழைத்தண்ணீர் பழுப்பாக வரும், மலைச்சரிவு சாலையை மூடும். 2023 ஜூலை மழையில் குல்லு மாவட்டச் சாலைகள் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும்.

மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரை ஒரு வாய்ப்பு, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை இன்னொன்று. குழந்தைகளின் கோடை விடுமுறைக்காக மே கடைசியில்தான் முடியும் என்றால் போகலாம். ஆனால் வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் ஆறு பெருகும். அதனால் காலை 6 முதல் 11 வரை மட்டும் ஆற்றுக்கு, மிச்ச நேரம் ஜலோரி கணவாய்க்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அக்டோபர் முதல் வாரம். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், கூட்டமும் குறைவு.

படி 2: ஆறு பேர், மூன்று ராடு

எங்களை அதிகம் அலைக்கழித்த படி இதுதான். அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

தீர்த்தன் அகலமான ஆறு இல்லை. பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் ஆறு. ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் கட்டில் அளவுக்குத் தண்ணீர் அமைதியாக நிற்கும். அங்கே ஒரு மீன் இருக்கும், சில இடத்தில் இரண்டு இருக்கும். அது நீரோட்டத்தை எதிர்த்து, மேற்பக்கம் பார்த்தபடி இரைக்குக் காத்திருக்கும். அதனால் நாம் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கி, மீனின் முதுகுப்பக்கமாகப் போக வேண்டும். ஒரு பாறைக்குப் பின்னால் மூன்று நான்கு முறை ஃப்ளையை விட்ட பிறகும் எடுக்கவில்லையா, அடுத்த பாறைக்கு நகர வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு இதில் சிக்கலே இல்லை. குழுவில்தான் எல்லாம் குழம்பும். ஆறு பேர் பேசிக்கொண்டே ஒரு மடுவின் கரையில் இறங்கினால் மீன் அரை மணி நேரத்துக்கு வெளியே வராது. மேலே நிற்பவர் கல்லில் சறுக்கித் தண்ணீரைக் கலக்கினால் கீழே நிற்பவருக்கும் வேலை முடிந்தது. பொறுமையில்லாத ஒருவர் நடுவில் புகுந்து மேலே போய்விட்டால் பின்னால் வருபவர் கலைந்துபோன தண்ணீரில்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

தீர்வு இதுதான். ஆறு பேரை மூன்று ஜோடியாக்குங்கள், ஜோடிக்கு ஒரே ராடு. ஒருவர் வீசும்போது மற்றவர் மேட்டில் நின்று தண்ணீரைப் பார்ப்பார். ஒரு மீன் பிடித்தாலோ இருபது நிமிடம் ஆனாலோ கை மாற்றிக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பது வீண் நேரம் இல்லை. தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டு மேட்டிலிருந்து பார்த்தால், கல்லின் நிழல் என்று நினைத்தது வாலை அசைக்கும். ‘இன்னும் ஒரு அடி இடது பக்கம்’ என்று அவர் சொல்லச் சொல்ல வீசுவதில்தான் புதியவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்று ஜோடியையும் காரில் கொண்டுபோய் வெவ்வேறு இடத்தில் இறக்குங்கள். நாகினிக்குக் கீழே ஒன்று, நாகினிக்கும் குஷைனிக்கும் நடுவே ஒன்று, குஷைனிக்கு மேலே ஒன்று. எல்லாரும் மேல்நோக்கியே நகர வேண்டும். முன்னால் இன்னொருவர் தூண்டில் போடுவது கண்ணில் பட்டால், அவர் உள்ளூர்க்காரரானாலும் சரி, சாலைக்கு ஏறி நல்ல தூரம் சுற்றிப்போய் மேலே இறங்குங்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கே சந்திப்பது என்பதை முந்தைய இரவே பேசிவிடுங்கள். ஆற்றுப் பள்ளத்தில் சிக்னலை நம்ப முடியாது.

எட்டுப் பேர் வரை இந்த முறை தாங்கும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து வேறு வேறு வாரம் போங்கள்.

படி 3: உரிமம்

இமாச்சல் மீன்வளத்துறையின் உரிமம் வேண்டும். தங்கும் ஹோம்ஸ்டேக்காரர்கள் பெரும்பாலும் வாங்கித்தர உதவுவார்கள். பெயர், அடையாள அட்டை நகல், தேதி மூன்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வாங்கும்போதே எந்த அளவுக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா குஷைனிக்கு மேலேதான் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். உள்ளே நடக்கத் தனி அனுமதி உண்டு. ஆனால் தூண்டிலோடு எல்லை தாண்டுவதாகத் திட்டமே போடாதீர்கள்.

படி 4: சாமான்

9 அடி, 5 வெயிட் (எந்த எடை லைனுக்கு ஏற்றது என்பதற்கான எண்), நான்கு துண்டாகக் கழற்றும் ராடு. அதற்கேற்ற மிதக்கும் லைன். லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் 9 அடி; லீடருக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் இன்னும் மெல்லிய நரம்பான டிப்பெட் 4எக்ஸ், 5எக்ஸ் தடிமனில் தலா ஒரு சுருள். ரீலில் காசைக் கொட்ட வேண்டாம். இந்த ஆற்றில் மீன் ரீல் அலற ஓடுவது அரிது. அந்தப் பணத்தை லைனில் போடுங்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துப்போகும். இங்கே ஃப்ளைக்குக் கிட்டத்தட்ட எடையே கிடையாது, லைனின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. மட்டமான லைன் வாங்கினால் எத்தனை நாள் பழகினாலும் கை திருந்தாது.

மூன்று ராடில் ஒன்று டென்காரா ராடாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானிய முறை அது. ரீல் கிடையாது, நுனியிலேயே லைனைக் கட்டிவிடுவார்கள். நம் ஊர் மூங்கில் தூண்டிலை நீட்டி மடக்கிப் பையில் வைத்தமாதிரி இருக்கும். பாறைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தண்ணீருக்கு இதைவிடத் தோதானது இல்லை. முதல் நாளே மீன் தட்டும்.

ஃப்ளை: தண்ணீருக்குள் மூழ்க ஃபெஸன்ட் டெயில், ஹேர்ஸ் இயர், இரண்டும் தங்கநிற மணித் தலை வைத்தது, 12 முதல் 16 வரை அளவில். மேலே மிதக்க எல்க் ஹேர் கேடிஸ், ஆடம்ஸ். தண்ணீர் லேசாகக் கலங்கினால் கறுப்பு வூலி பக்கர். ஐந்து வகையே போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் தாராளமாக வாங்குங்கள். பாதி, மரக்கிளையில் போய்விடும். எல்லா முள்ளிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் நல்லது.

வேடர் எனப்படும் மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பு புதியவர்களுக்கு வேண்டாம். அது இருந்தால் ஆழத்துக்கு இறங்கத் தோன்றும். பிடிப்புள்ள ஷூ, கம்பளிச் சாக்ஸ், சீக்கிரம் காயும் பேன்ட், கையில் ஒரு தடி. முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதைக் குழுவின் சட்டமாக்குங்கள்.

ராடு, முள், குறடு எல்லாம் விமானத்தில் செக்-இன் பையில் போக வேண்டும்.

படி 5: ஊரிலேயே பழகுங்கள்

கிளம்புமுன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது புல்வெளி மைதானம். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி வீசுங்கள். கடிகார முள்ளை மனதில் வைத்துக்கொண்டு, பின்னால் 2 மணியில் நிறுத்தம், முன்னால் 10 மணியில் நிறுத்தம். பின்னால் நிறுத்தியதும் லைன் முழுதாக நீளும் வரை காத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் எல்லாரும் அவசரப்படும் இடம் இது. சாட்டை சொடுக்கிய சத்தம் கேட்டால் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம். முப்பது அடி நேராகப் போனால் தீர்த்தனுக்குப் போதும். ஃப்ளையைக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சு, லீடரோடு டிப்பெட்டை இணைக்கும் சர்ஜன் முடிச்சு இரண்டையும் குளிரில் விரல் மரத்தாலும் போட வரும் அளவுக்குப் பழகுங்கள்.

படி 6: போக்குவரத்து

தில்லி அல்லது சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்து. ஔட் சுரங்கத்துக்கு முன்னாலேயே இறங்க வேண்டும், நடத்துநரிடம் இரண்டு முறை சொல்லிவையுங்கள். கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் சுரங்கம். தூங்கிவிட்டால் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். ஔட்டிலிருந்து லார்ஜி, பஞ்சார் வழியாகக் குஷைனிக்கு டாக்ஸி.

ஆற்றில் இறங்கிய பிறகு

லார்ஜியில் அணை இருக்கிறது. 2014 ஜூன் 8 அன்று அந்த அணையிலிருந்து திறந்த தண்ணீரில், கீழே பியாஸ் ஆற்றில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். சுற்றுலா வந்த குழு அது. அணைக்குக் கீழே பியாஸில் படம் எடுக்கக்கூட இறங்காதீர்கள். தீர்த்தனில் மேல்பகுதியிலேயே இருங்கள்.

மீனைப் பிடித்ததும் முதலில் கையை நனையுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்து நோய் பிடிக்கும். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, வால் அடியில் ஒரு கை, மீன் தண்ணீருக்குள்ளேயே. பழுப்பு மஞ்சள் உடம்பில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள், பல புள்ளிகளைச் சுற்றி வெளிறிய வளையம். படம் எடுக்க இரண்டு நொடி தூக்கலாம். பிறகு தலையை நீரோட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். செவுள் சீராகத் திறந்து மூடும், வால் உங்கள் விரலைத் தள்ளும். அப்போது விடுங்கள். சாப்பிட வேண்டுமா, பண்ணை ட்ரவுட் கிடைக்கிறது. நாகினியில் அரசுப் பண்ணையே இருக்கிறது. ஆற்றில் தானே பிறந்து வளர்ந்ததை ஆற்றிலேயே விட்டுவாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டதற்காக

‘மூன்று ராடு என்றால் மூன்று உரிமம் போதுமா?’ கை மாற்றி வீசுகிறீர்கள் அல்லவா, ஆறு பேருக்கும் எடுங்கள். பார்க்க மட்டும் வரும் குடும்பத்தாருக்குத் தேவையில்லை.

அக்டோபரில் போன ஒருவர், சரளைக்கல் திட்டுகளில் தட்டு வடிவில் வெளிறிய பள்ளங்கள் இருந்ததாக எழுதியிருந்தார். பெண் மீன் வாலால் கல்லைத் துடைத்து முட்டையிட ஆயத்தம் செய்யும் இடமாக இருக்கலாம். அதை மிதிக்காமல் சுற்றிப்போங்கள், அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள்.

‘போன இடத்தில் மழை வந்து ஆறு கலங்கிவிட்டால்?’ பயணத்தில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். பெரிய ஆற்றைவிடக் கிளை ஓடைகள் முதலில் தெளியும். குஷைனியில் வந்து சேரும் ஃபலாச்சன் ஓடையை அன்று காலையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் தொடும் பாறையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். கோடு நனைந்திருந்தால் அன்றைக்கு ராடைக் கழற்றிவிட்டு ஜிபி கிராமத்துப் பக்கம் நடக்கக் கிளம்புங்கள்.